வேல் ஏந்திய தோமையார்

திருமாலைச் சங்காலும் ஆழியாலும், முருகனை வேலாலும் மயிலாலும் அறிகிறோம். சிற்பத்தின் அடியிற் பெயர் பொறித்தல் வேண்டுவதில்லை. எழுத்தறியாதாரும் கண்ட அளவில் உணருமாறு அமைந்த இம்முறை கிறித்தவக் கலையிலும் உண்டு. செனாய் முதலிய ஜொகூர் ஊர்களிலிருந்து மலாக்காவுக்குச் செல்லும் தமிழர், அங்கே 1710ஆம் ஆண்டில் எழுந்த தூய பேதுரு ஆலயத்தைக் காணலாம். தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என வழங்கிய அப்பேதுருவின் அடையாளம் திறவுகோல். விண்ணரசின் திறவுகோல்களை இயேசு அவருக்கு அளிப்பதாகக் கூறியதை மத்தேயுவின் நற்செய்தி உரைக்கிறது.

நற்செய்தியாளர் நால்வருக்கும் சிறகுடைய உருவங்கள் உரியன. மத்தேயுவுக்கு மனிதன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை, அருளப்பருக்குக் கழுகு. எசேக்கியேல் நூலிலும் திருவெளிப்பாட்டிலும் வரும் நான்கு உயிர்களே இவை. எனினும் இவ்வரிசை தொடக்கத்திலேயே உறுதிப்பட்டதன்று. 2ஆம் நூற்றாண்டினரான இரேனியு மாற்குவுக்குக் கழுகையும் அருளப்பருக்குச் சிங்கத்தையும் அளித்தார். பின்னர் வந்த எரோணிமு கொண்ட வரிசையே நிலைபெற்றது.

திருத்தூதருட் பலருக்கோ, அவர்கள் உயிர் துறந்ததாகக் கூறப்படும் வகையே அடையாளமாயிற்று. சின்னப்பர் எனப்படும் பவுலுக்கு வாள். அந்திரேயாவுக்குப் பெருக்கற்குறி போன்ற சிலுவை. பர்த்தலமேயுவுக்குத் தோலுரிக்கும் கத்தி.

தமிழகத்தோடு தொடர்புறுத்தப்படும் தோமையாருக்கு இரண்டு அடையாளங்கள் உள. ஒன்று, தச்சரின் மூலைமட்டம். வடமேற்கிந்திய மன்னன் கோண்டபாரஸ் அரண்மனை கட்டக் கொடுத்த பொருளை அவர் ஏழைகட்கு ஈந்து, 'மன்னனுக்கு விண்ணில் அரண்மனை எழுந்துள்ளது' என்றாராம். 3ஆம் நூற்றாண்டினதான 'தோமாவின் பணிகள்' என்னும் நூல் கூறும் இக்கதை வெறுங் கற்பனை எனக் கருதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் அம்மன்னனின் நாணயங்கள் கிடைத்தன. அரசன் ஒருவன் இருந்தான் என்பதை அவை மெய்ப்பித்தன. தோமையாரின் வருகையை மெய்ப்பித்தில.

மற்றொன்று வேல். அரசனின் வீரர் அவரை ஒரு மலையில் வேலாற் குத்திக் கொன்றனர் என்று அதே நூல் கூறும். அம்மலை சென்னையை அடுத்த பரங்கிமலையே என்பது மயிலை மரபு. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியது வேறு. மயில்களின் நடுவே வேண்டுதல் செய்துகொண்டிருந்த தோமையாரின்மேல், மயிலைக் குறிவைத்த வேடன் ஒருவனின் அம்பு தவறிப் பட்டதாம். அம்பை விடுத்து வேலையே கலைஞர் கொண்டனர். பாரிசின் லூவர் காட்சிச்சாலையில் உள்ள ஜார்ஜ் தெ லா தூரின் ஓவியத்திலும் முதிய தோமையார் ஒரு கையில் வேலும் மற்றொன்றில் நூலும் தாங்கி நிற்கிறார்.

ஆகவே, அடையாளம் இன்னார் என்பதைக் காட்டும். இன்னது நிகழ்ந்தது என்பதற்குச் சான்றாகாது. மேலும், வேல் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. முருகன் கையிலுள்ளது சூரனை வென்ற வேல். தோமையார் கையிலுள்ளதோ அவரைக் கொன்ற வேல்.