வாயிலும் வரவேற்பும்

'நல்வரவு' என்று பலகையில் எழுதி வாயிலில் மாட்டுகிறோம். மாவிலை கட்டுகிறோம், கோலமிடுகிறோம். கண்ணேறு பட்டுவிடுமென அஞ்சிப் பூசணிக்காயில் பூதத்தின் முகம் தீட்டித் தொங்கவும் விடுகிறோம். வருக என்கிறது பலகை; வராதே எனப் பல்லைக் காட்டுகிறது பூதம்! இவ்விரண்டில் எது நம் உள்ளம்?

விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டா. தூத்துக்குடிக்குத் தெற்கே கொற்கை இருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகம் அது. தாமிரவருணி கொணர்ந்த மண் மேடிட, கடல் விலகி, இன்று உள்நாட்டுச் சிற்றூராய் நிற்கிறது.

அந்நாளைய தமிழர் இரவில் கதவடைக்குமுன், உள்ளே வரவேண்டியவர் எவரேனும் உளரா என்று கேட்டே அடைத்தனர். குறுந்தொகைப் பாட்டொன்று அவ்வழக்கத்தைக் காட்டுகிறது. சிலம்பேந்தி வந்த கண்ணகிக்கும் பாண்டியன் வாயில் திறந்தது. அவன் தேவியின் சிலம்பில் இருந்தது முத்து. அம்முத்தை எடுத்தவர் யார்? கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது, கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூல். மூச்சடக்கி மூழ்கியவன் ஒருவன். முத்தணிந்து மகிழ்ந்தவர் வேறொருவர். பழமையைப் போற்றும்போது இதையும் மறவாதிருப்போம்.

பிற்காலத்தில் வீட்டின் முகமாக விளங்கியது திண்ணை. வழிப்போக்கன் அமர ஒரு மேடை, தலை சாய்க்க ஒரு திண்டு, விளக்கேற்ற ஒரு மாடக்குழி. முகமறியாதவனுக்காகத் தன் வீட்டில் இடம் ஒதுக்கினான் தமிழன், அது பண்பாடு! ஆனால் எல்லா வழிப்போக்கனுக்குமா அந்த இடம்? திண்ணையில் அமர ஒரு சாதி, திண்ணைக்குக் கீழே நிற்க ஒரு சாதி, தெருவிலேயே நிற்க ஒரு சாதி! உயரம் மூன்றடிதான், ஏறுவதற்கோ தலைமுறைகள் தேவைப்பட்டன.

வீட்டு வாயிலில் இருந்த தடையே கோயில் வாயிலிலும் இருந்தது. கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் 1897-இல் சென்று வழிபட்டனர். குற்றமென்று வழக்கு! இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது; 1908-இல் வந்த தீர்ப்பும் அவர்களுக்கு உரிமை இல்லையென்றது. கடல் கடந்து சென்றும் கதவு திறக்கவில்லை. 1939 சூலை 8-இல், வைத்தியநாத அய்யர் தலைமையில், தாழ்த்தப்பட்ட தோழர்களும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்த பிறகே காட்சி மாறியது. 1950-இல் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதனைத் தண்டிக்கச் சட்டம் பிறந்தது.

சட்டம் கோயிற்கதவைத் திறந்தது, கடைக்கதவைத் திறந்தது, உணவு விடுதியின் கதவையும் திறந்தது. நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளோ இன்னும் நம் கையில்தான் இருக்கிறது! அதை நீக்க எந்தக் காவலரும் வரமாட்டார். நீக்க வேண்டியவர் நாம்.

1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றது. திண்ணைகளும் ஒவ்வொன்றாய் இடிந்தன. அவ்விடத்தில் சுற்றுச்சுவர் எழுந்தது, இரும்புக்கதவு எழுந்தது, நாயைக் காட்டும் எச்சரிக்கைப் பலகை எழுந்தது. திண்ணை போனதற்கு வருந்துகிறோம். திண்ணையோடு அதன் படிவரிசையும் போயிருந்தால் மகிழ்ந்திருப்போம். போயிற்றா? உப்பளத்தில் உழைத்து வருபவர், தெருவைத் துப்புரவு செய்பவர் நம் வாயிலில் வந்து தண்ணீர் கேட்டால், எந்தக் குவளை நீள்கிறது? நாம் குடிக்கும் குவளையா? அதற்கென ஒதுக்கிய குவளையா?

தோழர்களே! வாயிலை அழகு செய்வோம். பூதத்தை இறக்கிவிட்டு விளக்கை ஏற்றுவோம். முதியோர் ஏறத் தாழ்வான படி, சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவு, களைத்தவர் அமர ஓர் இருக்கை, ஒரு பானைத் தண்ணீர், இவை போதும். இருக்கை ஒன்றாக இருக்கட்டும். குவளையும் ஒன்றாக இருக்கட்டும். அன்று 'நல்வரவு' என்று எழுத வேண்டிய தேவையே இராது. வாயிலே அதைச் சொல்லும்!