எல்ம் தெருவுக்கு வராத அகதிகள்

திகில் படத் தொடர்களை முதல் பாகத்திலிருந்து வரிசையாகத் திரும்பப் பார்த்து, பாகத்துக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் என்று மைக் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது அமெரிக்க பாட்காஸ்ட்களில் தனி வகையாகவே நிலைபெற்றுவிட்டது. இதை ரசிகர் அரட்டை என்று ஒதுக்கிவிட முடியாது. பத்திரிகை விமர்சனம் வெளியான வாரத்தோடு கைகழுவிவிட்ட படங்களுக்கு இவர்கள் ஒரு வாய்மொழி வரலாற்றை உருவாக்கிவருகிறார்கள். வாய்மொழி வரலாற்றின் பலமும் இதில் உண்டு, மறதியும் உண்டு.

‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ (1984) தொடரை எடுத்துக்கொள்வோம். கனவுக்குள் புகுந்து பதின்வயதினரைக் கொல்லும் ஃபிரெடி க்ரூகரை வைத்து 2010 வரை ஒன்பது படங்கள் வந்தன. இத்தொடர் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு தகவலோடுதான் தொடங்கும். இயக்குநர் வெஸ் கிரேவனுக்கு இந்தக் கரு ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ செய்திகளிலிருந்து கிடைத்ததாம். தென்கிழக்காசிய அகதிகள் தூக்கத்திலேயே செத்துப்போனார்களாம். அப்படியா என்று ஒரு வியப்பு. அவ்வளவுதான், பேச்சு ஃபிரெடியின் கத்திக் கையுறைக்குத் தாவிவிடும்.

போகிற போக்கில் உதிர்க்கப்படும் அந்த அரை நிமிடத்துக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. லாவோஸ் மலைகளில் வாழ்ந்த மொங் மக்களை 1960களின் தொடக்கத்திலிருந்து சி.ஐ.ஏ. தன் கூலிப்படையாகத் திரட்டியது. அமெரிக்க மக்களுக்கே தெரியாமல் நடத்தப்பட்டதால் அதற்கு ‘ரகசியப் போர்’ என்று பெயர். 1964க்கும் 1973க்கும் இடையில் அந்தச் சின்ன நாட்டின்மீது 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு வீசினார்கள். 1975இல் பாதேத் லாவோ ஆட்சியைப் பிடித்ததும் கைவிடப்பட்ட மொங் மக்கள் மெகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு ஓடினார்கள். ஒரு பகுதியினர் அங்கிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். 1977 முதல் அவர்களில் சிலர் இரவில் படுத்துக் காலையில் எழவில்லை. நோய்நொடி இல்லாதவர்கள், முப்பது வயதை ஒட்டியவர்கள், ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பிரேதப் பரிசோதனையில் காரணம் அகப்படவில்லை. 1981 டிசம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வார அறிக்கையில் இச்சாவுகளைப் பதிவு செய்தது.

கிரேவன் பேட்டிகளில் சொன்ன கதை ஒன்று உண்டு. கம்போடியக் கொலைக்களங்களிலிருந்து தப்பி வந்த குடும்பத்துப் பையன் தூங்கினால் செத்துவிடுவோம் என்று நாள்கணக்கில் விழித்துக் கிடக்கிறான். கடைசியில் அயர்ந்து தூங்கியவன் அலறியபடியே இறக்கிறான். அவன் ஒளித்துவைத்திருந்த காப்பி மெஷின் பிறகு கிடைக்கிறது. படத்தில் நான்சியும் தன் அறையில் அப்படித்தான் காப்பியை ஒளித்து வைத்திருக்கிறாள். புறநகரின் வெள்ளை நடுத்தர வர்க்க வீட்டுக்குள் காப்பி மெஷின் வந்துவிட்டது, பையன் வரவில்லை.

இதைக் கருத்துத் திருட்டு என்று சுருக்குவதில் எனக்கு விருப்பமில்லை. பிரதியே வேறொன்றைச் சொல்கிறது. எல்ம் தெருப் பெற்றோர்கள் சட்டத்தின் ஓட்டையில் தப்பித்த ஃபிரெடியை எரித்துக் கொன்று, அதைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்தவர்கள். மறைத்த கொலைக்கு விலை கொடுப்பது பிள்ளைகள். ஒரு ரகசியப் போரின் கதையாடலுக்கு இதைவிடப் பொருத்தமான எலும்புக்கூடு கிடைக்காது. ஆனால் விலை கொடுத்தவர்கள் யாரோ, திரையில் கொடுப்பவர்கள் வேறு யாரோ.

மறுவாசிப்புக்கு பாட்காஸ்ட்காரர்கள் லாயக்கில்லை என்று சொல்லவும் முடியாது. 1985இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பாருங்கள். வழக்கமாக ஒரு பெண் அலறும் இடத்தில் ஜெஸ்ஸி என்ற பையன். படத்தின் தன்பால் விருப்பச் சாயலுக்கு அதில் நடித்த மார்க் பாட்டனின் நடிப்பே காரணம் என்று கதாசிரியர் டேவிட் சாஸ்கின் வெகுகாலம் கைகாட்டிவந்தார். 2010இல் ஓர் ஆவணப்படத்தில்தான் தான் எழுதியதே அது என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் பாட்டன் நடிப்பை விட்டே போய்விட்டிருந்தார். அவர் கதை 2019இல் ‘ஸ்க்ரீம், குயீன்!’ என்ற ஆவணப்படமானது. கேலிக்கு ஆளான அந்தப் படத்தைத் தன்பால் விருப்பப் பார்வையாளர்கள் தங்கள் பிரதியாக மீட்டுக்கொண்டார்கள். ‘ஹாரர் குயர்ஸ்’ போன்ற பாட்காஸ்ட்கள் இத்தகைய வாசிப்பின் மீதே நிற்கின்றன. அடிபட்டவனே மைக்குக்கு வந்தபோது வாசிப்பு மாறியது. முதல் பாகத்துக்கு அது நடக்கவில்லை. அங்கே அடிபட்டவர்கள் பார்வையாளர் வரிசையிலேயே எண்ணப்படவில்லை.

2010இல் வந்த மறு ஆக்கம் தூக்கமின்மைக்கு மருத்துவ விளக்கமெல்லாம் தேடிப் பிடித்தது. அகதிகளை அதுவும் தேடவில்லை.

தேடியவர் ஷெல்லி ஆட்லர். கலிபோர்னியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட மொங் மக்களைப் பேட்டி கண்டு 2011இல் அவர் வெளியிட்ட நூல், மார்பின்மேல் ஏறி அமர்ந்து மூச்சை அடைக்கும் ‘தா சோ’ என்ற ஆவியைப் பற்றிப் பேசுகிறது. நம்மூர் அமுக்குவான் பேய்தான். முன்னோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தால் காப்பு உண்டு. புது நாட்டில் அந்தச் சடங்குகளைச் செய்ய வழியில்லாமல் போயிற்று. குடும்பத் தலைவன் என்ற முறையில் அந்தப் பொறுப்பு ஆணின் தலையில் விழுந்தது. பிறவியிலேயே இருந்த இதயத் துடிப்புக் கோளாறோடு இந்தப் பயமும் சேர்ந்து கொன்றிருக்கலாம் என்பது ஆட்லரின் வாதம். எல்ம் தெரு பாட்காஸ்ட்களில் இந்தப் புத்தகத்தின் பெயர் அடிபட்டு நான் கேட்டதில்லை.