தப்பி ஓடும் குதிரையைத் தேட உதவும் கருவிகள்

லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோடு, ஃபேரர் பார்க்கில் இருந்த பந்தயத் திடலால் பெயர் பெற்றது. அங்கு 1843ல் முதல் பந்தயம் நடந்தது. திடல் 1933ல் புக்கிட் தீமாவுக்கும், 1999ல் கிராஞ்சிக்கும் இடம் மாறியது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்த கடைசிப் பந்தயத்துடன் சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் முடிவுக்கு வந்தது. ஆயினும் சவாரிப் பள்ளிகளிலும், 1886ல் தொடங்கிய சிங்கப்பூர் போலோ மன்றத்திலும் குதிரைகள் இன்னும் இருக்கின்றன.

மிரண்ட குதிரை சவாரியாளரைக் கீழே தள்ளிவிட்டு ஓடுவது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது. பாய்ந்தோடும் குதிரையின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். ஒன்றரை நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போய்விடும். சிங்கப்பூர் போன்ற சிறிய தீவில் அந்த ஓட்டம் விரைவுச்சாலையில் முடிந்தால் குதிரைக்கும் ஆபத்து, வாகனமோட்டிகளுக்கும் ஆபத்து. எனவே விரைவாகக் கண்டுபிடிப்பதே முக்கியம்.

நுண்சில்லு

அரிசி மணி அளவுள்ள இது, குதிரையின் கழுத்தில் பிடரிக்குக் கீழே ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. இதில் மின்கலம் இல்லை. சில சென்டிமீட்டர் தொலைவில் வருடியைக் காட்டினால் மட்டுமே 15 இலக்க எண் தெரியும். குதிரை எங்கே இருக்கிறது என்பதை இது சொல்லாது. பிடிபட்ட குதிரை யாருடையது என்பதையே சொல்லும். சிங்கப்பூரில் நாய்களுக்கு இது கட்டாயம். 2024 செப்டம்பர் முதல் வீட்டுப் பூனைகளுக்கான உரிமத் திட்டத்திலும் இது இடம்பெற்றுள்ளது.

புளூடூத் வில்லை

2021ல் அறிமுகமான ஏர்டேக் இந்த வகையைச் சேர்ந்தது. அருகில் செல்வோரின் ஐஃபோன்கள் அதன் சமிக்ஞையைப் பெற்று, இருப்பிடத்தை உரிமையாளருக்குத் தெரிவிக்கும். ஆள் நடமாட்டம் மிகுந்த தேக்கா போன்ற இடத்தில் இது நன்றாக வேலை செய்யும். யாருமில்லாத காட்டுப் பாதையில் பயன் குறைவு. விலை குறைவு என்பதும், மின்கலம் ஏறத்தாழ ஓராண்டு நீடிக்கும் என்பதும் இதன் சாதகங்கள்.

ஜிபிஎஸ் கருவி

செயற்கைக்கோள்களிடமிருந்து இருப்பிடத்தைக் கணக்கிட்டு, உள்ளிருக்கும் சிம் அட்டை வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பும். ஓடிக்கொண்டிருக்கும் குதிரையைப் பின்தொடர இதுவே ஏற்றது. ஆனால் அடர்ந்த மரங்களின் கீழ் துல்லியம் குறையும். அடிக்கடி தகவல் அனுப்பினால் மின்கலமும் விரைவில் தீரும். மாதக் கட்டணமும் உண்டு.

கைப்பேசி அலை எட்டாத மலைப் பகுதிகளிலும் தோட்டங்களிலும் சிம் அட்டைக் கருவி தகவல் அனுப்ப முடியாது. அங்கு வானொலி அலையில் இயங்கும் கருவியோ, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியோ தேவை. மேய்ச்சலுக்கு விடும் மாடுகளுக்கும் இதே கணக்குதான்.

எங்கே கட்டுவது?

சேணம் நழுவி விழலாம். கடிவாளம் கிளையில் சிக்கி அறுந்துபோகலாம். அப்போது கருவி ஓரிடத்திலும் குதிரை வேறிடத்திலும் இருக்கும். கடிவாளத்துக்கு அடியில் போடும் தலைவாரிலோ, பிடரி மயிரில் பின்னியோ கட்டுவது மேல். எங்காவது சிக்கினால் குதிரையின் கழுத்து இறுகாதபடி, அழுத்தத்தில் அறுந்துவிடும் இணைப்பு இருக்க வேண்டும். கைப்பேசி எண் பொறித்த சிறு தகடு ஒன்றையும் சேர்த்துக் கட்டலாம். அதற்கு மின்கலமும் வேண்டாம், அலையும் வேண்டாம்.

குதிரை ஓடிவிட்டால்

துரத்தக் கூடாது. பின்னால் காலடி ஓசை கேட்டால் அது மேலும் மிரளும். உடன் வரும் சவாரியாளர்கள் தங்கள் குதிரைகளை நிறுத்த வேண்டும். குதிரை கூட்டமாக வாழும் விலங்கு என்பதால் பல நேரங்களில் மற்றக் குதிரைகளிடமோ லாயத்துக்கோ திரும்பிவிடும். கீழே விழுந்தவரை முதலில் கவனித்து, லாயத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். குதிரை சாலையை நோக்கிச் சென்றால் உடனே 999 எண்ணில் காவல்துறையை அழைக்க வேண்டும்.

சவாரிக்குப் புறப்படும் முன் கருவியின் மின்கலத்தைப் பார்த்துக்கொள்வதும், கைப்பேசியைச் சேணப்பையில் வைக்காமல் உடலோடு வைத்துக்கொள்வதும் அவசியம். சேணப்பையில் இருந்தால் குதிரையோடு கைப்பேசியும் போய்விடும்.