வடமதுரை: குடிநீரும் மருத்துவக் காப்பீடும்

திண்டுக்கல் மாவட்டம், வேடசந்தூர் வட்டத்தில் திருச்சி சாலையை ஒட்டிய பேரூராட்சி வடமதுரை. சௌந்தரராஜப் பெருமாள் கோயிலால் அறியப்படுவது. மழை குறைந்த இவ்வட்டாரத்தின் கடினப்பாறை நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைச் சிறுவயது முதல் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அளவு மிக அதிகமானால் நாளடைவில் மூட்டும் முதுகும் விறைக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகுமே தவிர ஃபுளோரைடு நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். நிலத்தடி நீரை நம்பாமல் ஆற்றிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரின் அருமை இங்கேதான் தெரியும்.

நல்ல குடிநீர் நோய் வராமல் காப்பது; மருத்துவக் காப்பீடு நோய் வந்தபின் சிகிச்சைச் செலவுக்கு உதவுவது. 2009-இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிய தமிழக அரசின் காப்பீடு இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய்.