லூசாக்கினால் ஸ்மூத் ஆகாது: மடக்குக்கத்தியின் கதை

இன்றைய எபிசோடை ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னுடைய தப்புதான்.

சில வருஷம் முன்னாடி மலிவான மடக்குக்கத்தி ஒன்று வாங்கினேன். திறக்கவே கஷ்டம், நகம் பிய்ந்துவிடும் போல இருக்கும். நாமதான் இன்ஜினியர் ஆச்சே என்று, பிளேடு சுழலும் இடத்தில் இருந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் லூசாக்கி, எண்ணெயும் விட்டேன். அட, வெண்ணெய் மாதிரி வழுக்கியது! இரண்டு நாள் கழித்து, சார்ஜரைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். கத்தி உள்ளேயே திறந்து கிடந்தது. ஆள்காட்டி விரலில் மூன்று தையல்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கத்தி சுலபமாகத் திறக்கணும். ஆனால் தானாகத் திறக்கக் கூடாது. ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டையும் ஒரே கத்தியில் எப்படிக் கொண்டுவந்தார்கள்?

முதல் விடை ரொம்பப் பழசு: வெறும் உராய்வு. ரோமானியர் காலத்திலேயே மடக்குக்கத்தி உண்டு. இரும்பு பிளேடு, எலும்பு அல்லது வெண்கலக் கைப்பிடி, நடுவில் ஓர் ஆணி. ஆணியை இறுக்கி அடித்தால் பிளேடு நிற்கும், ஆனால் திறக்கச் சிரமம். தளர்வாக அடித்தால் சுலபமாகத் திறக்கும், ஆனால் நிற்காது. நான் செய்த அதே தப்பு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பும் சாத்தியம்.

இந்த முறையின் புகழ்பெற்ற வாரிசு பிரான்சின் ஒபினெல். 1890-இல் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் உருவாக்கிய விவசாயிகளின் கத்தி. கைப்பிடி மரம். ஈரம் பட்டால் மரம் ஊதி, பிளேடைக் கவ்விக்கொள்ளும். அதற்கு அந்த ஊர்க்காரர்களின் வைத்தியம்: கைப்பிடியின் பின்முனையை மேஜையில் ஒரு தட்டு! பிளேடு கொஞ்சம் வெளியே வரும். இதற்கு 'சவோய்க்காரர் தட்டு' என்றே பெயர். 1955-இல் திறந்த பிளேடைப் பூட்ட ஒரு சுழலும் வளையம் சேர்த்தார்கள். மூடிய நிலையிலும் பூட்டும் வசதி 2000-த்தில்தான் வந்தது. என் பைக்குள் நடந்த மாதிரி நடக்காமல் இருக்கத்தான்.

இரண்டாவது விடை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. நாம் 'பேனாக்கத்தி' என்கிறோமே, அந்த வகை. இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த கத்தி என்பதால் அந்தப் பெயர். இறகு போனாலும் பெயர் நம் வாயில் நிற்கிறது. இதில் கைப்பிடியின் முதுகில் நீளமான ஸ்பிரிங் ஒன்று உண்டு. அது பிளேடின் அடிப்பாகத்தை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். மூடிவைப்பதும் அதுதான், திறந்த நிலையில் நிறுத்துவதும் அதுதான்.

இங்கேதான் கைவேலை வருகிறது. நல்ல கத்தி 'நடக்கணும், பேசணும்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். நடப்பது என்றால் ஸ்பிரிங்மேல் பிளேடு சீராக நகர்வது. பேசுவது என்றால் முடிவில் வரும் அந்த 'டக்'. பிளேடின் அடிப்பாகத்தை எந்த வளைவில் ராவினால் ஸ்பிரிங் எவ்வளவு எழும்பும் என்பதில்தான் எல்லாம் இருக்கு. திறந்தாலும் மூடினாலும் ஸ்பிரிங் கைப்பிடி முதுகோடு சமமாக இருக்கணும். ஒரு தடவை கூடுதலாக ராவிவிட்டால் போச்சு. ராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ஷெஃபீல்டில் சின்னப் பட்டறைகளில் தனியாக வேலை செய்த இந்தக் கைவினைஞர்களை 'லிட்டில் மெஸ்டர்' என்பார்கள். அவர்களில் ஸ்டான் ஷா 1941-இல் சிறுவனாகத் தொழிலுக்கு வந்து, தொண்ணூறு வயதைத் தாண்டியும் கத்தி செய்தார். 2021-இல் காலமானார்.

ஆனால் குறை இருந்தது. ஸ்பிரிங் வலுவாக இருந்தால் திறக்க இரண்டு கையும் நகமும் வேணும். பலவீனமாக இருந்தால், பிளேடின் முதுகில் அழுத்தம் பட்டதும் விரல்மேலேயே மடங்கும். மூன்று வேலை, ஒரே ஸ்பிரிங். நம்ம பாஷையில் சொன்னால், எல்லாத்தையும் ஒரே ஃபங்ஷனில் எழுதி வச்சிருக்காங்க!

அதைப் பிரித்தவர் அமெரிக்கரான மைக்கேல் வாக்கர், 1980-களின் தொடக்கத்தில். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டையே வெட்டி, பக்கவாட்டு ஸ்பிரிங் ஆக்கும் யோசனைக்கு 1906-லேயே காப்புரிமை இருந்தது. வாக்கர் அதை மேம்படுத்தினார். பிளேடு முழுசாகத் திறந்ததும் தகடு அதன் பின்னால் போய் நின்று பூட்டும். மூடிவைக்க, அதே தகட்டில் ஒரு குட்டி உலோக உருண்டை. பிளேடில் அதற்கென ஒரு சின்னக் குழி. மூடினால் உருண்டை குழிக்குள் உட்காரும். கட்டைவிரலால் தள்ளினால் வெளியே ஏறிவிடும். அதன்பிறகு பெரிய எதிர்ப்பே இல்லை.

யோசிச்சுப் பாருங்க. எதிர்ப்பு தொடக்கத்தில் மட்டும் இருக்கு, வழி முழுக்க இல்லை. கைக்கு அதுதான் 'ஸ்மூத்' என்று தெரிகிறது.

அடுத்து மிஞ்சியது அச்சு. கிறிஸ் ரீவ், தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போனவர். அவர் கத்தியின் பெயர் செபென்ஸா. ஜூலு மொழியில் 'வேலை' என்று அர்த்தம். அதில் பிளேடின் இரண்டு பக்கமும் பாஸ்பர் வெண்கல வாஷர்கள். நடுவில் மிகத் துல்லியமான நீளத்தில் ஒரு சிறு குழல். ஸ்க்ரூவை முழுசாக முடுக்கினாலும் குழல்தான் அழுத்தத்தைத் தாங்கும், பிளேடு நசுங்காது. இறுக்கமாகவும் இருக்கும், சுற்றவும் செய்யும். பிறகு பிரேசிலின் ஃபிளாவியோ இகோமா பெயரோடு சேர்ந்த பால் பேரிங் முறை வந்தது. தொட்டாலே திறக்கும். ஆனால் மணலும் பஞ்சும் புகுந்தால் கரகரக்கும். அடிக்கடி சுத்தம் செய்யணும்.

கையால் செய்கிறவர்கள் இன்றும் அடிப்படையில் செய்வது இதுதான்: துளையைச் சரியாக 90 டிகிரியில் போடுவது, கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்து வாஷர் உட்காரும் பரப்புகளைச் சமமாகத் தேய்ப்பது, பொருத்துவது, திறந்து பார்ப்பது, கழற்றுவது, மறுபடியும் தேய்ப்பது.

என் பழைய கத்தியைப் போன மாசம் கழற்றினேன். வாஷரில் தயாரிப்பின்போது விட்டுப்போன பிசிறு இருந்தது. அதனால்தான் அந்தக் கடுமை. அரை மணி நேரம் தேய்த்து, ஸ்க்ரூவை முன்பைவிட இறுக்கமாகவே முடுக்கினேன். இப்போது சுலபமாகத் திறக்கிறது. தலைகீழாகப் பிடித்து உதறினாலும் திறக்கவில்லை. இருந்தாலும், பைக்குள் கை விடும்போது கொஞ்சம் பார்த்துத்தான் விடுகிறேன்.