பிரேக் பேட் வீட்டிலேயே மாத்துறீங்களா? காலிப்பர் நேரா உட்கார்ந்திருக்கான்னு பார்ப்பது எப்படி?

காரின் முன் சக்கரத்துக்கு பிரேக் பேட் மாற்றுவதை இப்போது பலர் வீட்டு வாசலிலேயே செய்கிறார்கள். பேட்டை மாட்டி முடித்ததும் ஒரு சந்தேகம் வரும். "டிஸ்க்குக்கு ஒரு பக்கம் இடைவெளி அதிகமா தெரியுதே, காலிப்பர் கோணலா இருக்கோ?" உடனே வாஷர் வைப்பது, பேட்டின் ஓரத்தை அராவுவது என்று இறங்கிவிட வேண்டாம். முதலில் காலிப்பர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நம்ம ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களின் முன் சக்கரத்தில் இருப்பது நகரும் வகை காலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். பெடலை மிதித்தால் அது உள்பக்க பேட்டை டிஸ்க் மேல் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுசாக உள்ளே நகர்ந்து, வெளிப்பக்க பேட்டை டிஸ்க்கோடு சேர்த்து இழுக்கும். இப்படி நகர்வதற்காகத்தான் இரண்டு ஸ்லைடிங் பின்கள் இருக்கின்றன. அதாவது இதில் நாம் 'அலைன்மென்ட்' செய்ய எதுவும் கிடையாது. ஒவ்வொரு மிதியிலும் அது தானாகவே இடம் பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் எங்கேயோ எதுவோ ஜாம் ஆகியிருக்கிறது.

பழைய பேட்டைத் தூக்கிப் போடாதீங்க

உள்பேட், வெளிபேட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தால் காலிப்பர் ஒழுங்காக நகர்ந்திருக்கிறது. உள்பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பின் இறுகியிருக்கலாம், அல்லது பிஸ்டன் திரும்ப உள்ளே போகாமல் இருக்கலாம். ஒரே பேட் ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால், காலிப்பர் சாய்ந்தே வேலை செய்திருக்கிறது. அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் புதுசும் அதே மாதிரிதான் தேயும்.

அடுத்து பின்கள். காலிப்பரைக் கழற்றியபின் (ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள்) ஒவ்வொரு பின்னையும் விரலால் உள்ளே தள்ளி வெளியே இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் அது ஜாம். மழைத் தண்ணீரும் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும் இதற்கு நல்ல நண்பர்கள் இல்லை. ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் மட்டும் போடணும். சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும், பின் மறுபடியும் இறுகும். சில கார்களில் மேல் பின்னும் கீழ் பின்னும் வேறு வேறு. எது எங்கிருந்து வந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

பிராக்கெட்டில் கிளிப் உட்காரும் இடத்தில் துரு ஏறியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள், பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்கலாம். புது பேட் கையால் தள்ளினாலே நகர வேண்டும்.

கோணலாகத் தெரிவது டிஸ்க்காகவும் இருக்கலாம்

இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. சக்கரத்தைக் கழற்றிய பிறகு டிஸ்க்கை ஓரிரு சின்ன ஸ்குரூதான் பிடித்திருக்கும். சில கார்களில் அதுவும் இருக்காது. டிஸ்க் லேசாகச் சாய்ந்தால், பார்ப்பவருக்கு காலிப்பர் சாய்ந்த மாதிரி தெரியும். அதனால் இரண்டு மூன்று வீல் நட்டை வாஷர் வைத்து முடுக்கி, டிஸ்க்கை ஹப்போடு படிய வைத்த பிறகே கணக்குப் போடுங்கள்.

இப்போது மேலிருந்து பாருங்கள். டிஸ்க் பிராக்கெட்டில் எங்கும் உரசக்கூடாது. பேட்டின் முகம் டிஸ்க்குக்கு இணையாக இருக்கணும். இடைவெளி இரண்டு பக்கமும் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பதில் தப்பில்லை. ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பக்கக் காலிப்பரையும் ஹோஸோடு கழற்றியிருந்தால் இடது வலது மாறாமல் மாட்டுங்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் வரணும். கீழே வந்தால் காற்று முழுசாக வெளியேறாது, பெடல் மெத்தென்றே இருக்கும்.

வண்டியை எடுக்கும் முன்

பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரை வரைக்கும் போகும். பிரேக்கே பிடிக்காது! வண்டியை ஒரு அடி நகர்த்துவதற்கு முன்னாடியே, பெடல் கெட்டியாகும் வரை பல தடவை மிதியுங்கள். பிறகு பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். ஜாக்கியில் தூக்கியிருக்கும்போதே சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மெல்லிய உரசல் சத்தம் சகஜம்தான், சுற்றவே முடியாமல் இறுகினால் மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

ஆள் இல்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டி இடதுபக்கம் இழுத்தால் கோளாறு பெரும்பாலும் வலது சக்கரத்தில் இருக்கும், அந்தப் பக்கம் பிடிப்பு குறைவு என்று அர்த்தம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, தொடாமல் சக்கரத்தின் பக்கத்தில் கையைக் காட்டுங்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அந்தக் காலிப்பர் விடுபடாமல் உரசிக்கொண்டே இருக்கிறது. அந்த நிலையில் நெடுந்தூரம் போகாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பின் சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார் என்றால் முறை வேறு. ஹேண்ட் பிரேக் காலிப்பரோடு சேர்ந்தே இருக்கும் பல மாடல்களில் பிஸ்டனை அழுத்தித் தள்ளக்கூடாது, திருகித்தான் உள்ளே இறக்கணும். பட்டன் ஹேண்ட் பிரேக் இருந்தால் முதலில் அதை சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகணும், இல்லாவிட்டால் மோட்டார் பழுதாகிவிடும்.