ஆறரை ஆண்டு நடந்த மசோதா

2011 ஜனவரி 19. வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை 245க்கு 189 என்ற கணக்கில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஒபாமா கொண்டுவந்த உடல்நலக் காப்பீட்டுச் சட்டம் முழுவதையும் ரத்து செய்யச் சொல்லும் மசோதா அது. எடுத்தெறியச் சொன்ன சட்டம் 900 பக்கத்துக்கு மேல். எறியச் சொன்ன மசோதா இரண்டே பக்கம். 'வேலைவாய்ப்பைக் கொல்லும் சட்டம்' என்று தலைப்பிலேயே திட்டித்தான் அது பிறந்தது. பதினான்கு நாளில், பிப்ரவரி 2 அன்று, செனட் சபையில் 47க்கு 51 என்று விழுந்தது. ஆனால் சாகவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு, உருவத்தை மாற்றிக்கொண்டு ஆறரை ஆண்டு நடந்தது.

அது துரத்திய சட்டம் எப்படி நின்றது என்று தெரிந்தால்தான் இந்தக் கதை புரியும். ஒரு முக்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கால், கம்பெனிகளுக்குப் போட்ட விதி: சர்க்கரை நோயோ புற்றுநோயோ முன்பே இருக்கிறது என்று சொல்லி எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, அதற்காகப் பிரீமியத்தைக் கூட்டவும் கூடாது. இதை மட்டும் வைத்தால் ஆரோக்கியமானவர்கள், நோய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள், கம்பெனி தாங்காது. அதனால் இரண்டாவது கால்: எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் அபராதம். எடுக்கச் சொன்னால் காசு வேண்டுமே? மூன்றாவது கால், அரசு மானியம். இதோடு, ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தின் கதவும் அகலத் திறந்தது.

2009 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை செனட்டில் 60க்கு 39. 2010 மார்ச் 21 இரவு பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212. இரண்டு சபையிலும் குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரவு வாக்கு ஒன்றுகூட விழவில்லை. மார்ச் 23 அன்று ஒபாமா 22 பேனாக்களை மாற்றி மாற்றி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் அவருடைய கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது. வென்று வந்தவர்கள் சொன்ன முதல் வாக்குறுதி: 'ரத்து செய்வோம், வேறொன்றைக் கொண்டுவருவோம்.'

ரத்து செய்ய முடியும் என்று அவர்கள் நம்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இருபது ஆண்டுக்கு முன்னால் அமெரிக்கா அதைச் செய்து காட்டியிருந்தது.

1988 ஜூலை 1 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்ட, முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரை விரிவாக்கும் சட்டம் அது. முதியவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிச் செலவிலிருந்து காப்பாற்றவும், மருந்துச் செலவில் கைகொடுக்கவும் வந்தது. இரண்டு கட்சியும் சேர்ந்து பெரும் பெரும்பான்மையில் நிறைவேற்றின. ஆனால் அதற்கான பணத்தை அந்த முதியவர்களிடமே, அதிலும் கொஞ்சம் வசதி உள்ளவர்களிடம், வருமான வரியோடு கூடுதலாக வசூலிப்பது என்று முடிவானது. முதல் ஆண்டில் ஒருவருக்கு 800 டாலர் வரை. வசூல் முன்னால் வந்தது, மருந்துச் சலுகை பின்னால் வருவதாக இருந்தது. 1989 ஆகஸ்ட் 17 அன்று சிகாகோவில், அந்தச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்த டான் ராஸ்டென்கோவ்ஸ்கி கூட்டம் முடிந்து வெளியே வந்தார். முதியவர்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். எழுபதை நெருங்கிய ஒரு பாட்டி காரின் பானட் மேலேயே விழுந்து படுத்து, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். சபையின் நிதிக் குழுத் தலைவர், நாட்டின் வரியையே வகுத்துத் தருகிறவர், காரை விட்டு இறங்கி ஓட வேண்டியதாயிற்று. ஏழு வாரத்தில் பிரதிநிதிகள் சபை 360க்கு 66 என்று அந்தச் சட்டத்தை ரத்து செய்ய வாக்களித்தது. டிசம்பர் 13 அன்று மூத்த புஷ் கையெழுத்திட்டார். பதினேழரை மாத ஆயுள். முதியவர்களுக்கு மெடிக்கேரில் மருந்துச் சலுகை கிடைக்க அதன்பின் 2006 வரை ஆனது.

ஒபாமா சட்டத்தை எழுதியவர்கள் இந்த அடியை மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். பெற்றோரின் காப்பீட்டிலேயே பிள்ளைகள் 26 வயதுவரை இருக்கலாம் என்ற சலுகை கையெழுத்தான ஆறே மாதத்தில் வீட்டுக்கு வந்துவிட்டது. அபராதம் 2014இல்தான் வந்தது. கொடுப்பதை முன்னால் வைத்தார்கள், கேட்பதைப் பின்னால் வைத்தார்கள். ரத்து மசோதா ஒவ்வொரு ஆண்டும் தாமதமாக, தாமதமாக அந்தச் சட்டம் வீடுகளுக்குள் வேர் விட்டது.

அடுத்த ஐந்து ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று சட்டத்தைக் காப்பாற்றியது. அபராதத்தை ஒரு வரியாகப் பார்க்கலாம் என்றார் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். 2013இல் குடியரசுக் கட்சியின் டெட் குரூஸ் செனட்டில் 21 மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே பேசினார். ஒபாமா சட்டத்துக்குப் பணம் ஒதுக்கக் கூடாது என்ற பிடிவாதத்தில் அக்டோபர் 1 முதல் 16 நாள் அரசு இயந்திரமே முடங்கியது. அதே அக்டோபர் 1 அன்றுதான் மக்கள் காப்பீடு வாங்குவதற்கான அரசு இணையதளம் திறந்தது. திறந்த அன்றே படுத்தும் விட்டது. சட்டத்தின் பக்கமும் குறைகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 'இருக்கிற பாலிசி பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம்' என்று ஒபாமா திரும்பத் திரும்பச் சொன்ன பிறகும் லட்சக்கணக்கானவர்களுக்குப் பாலிசி ரத்துக் கடிதம் வந்தது. மானியம் கிடைக்காத நடுத்தரக் குடும்பங்களைப் பிரீமியம் அழுத்தியது. அவர்களுடைய கோபம் நியாயமானது.

இத்தனைக்கும் நடுவில் ரத்து மசோதா ஐம்பது அறுபது தடவை, முழுதாகவோ துண்டாகவோ, சபையில் வாக்கெடுப்புக்கு வந்து போனது. சட்டத்தின் பெரும்பகுதியை வெட்டும் வடிவில் ஒரே ஒரு தடவைதான் அது வெள்ளை மாளிகைவரை போய்ச் சேர்ந்தது. செனட்டில் விவாதத்தை முடிக்க வழக்கமாக 60 வாக்கு வேண்டும். பட்ஜெட் தொடர்பான மசோதா என்றால் ஒரு தனி வழி உண்டு, அதில் 51 போதும். அந்த வழியில் போன மசோதாவை 2016 ஜனவரி 8 அன்று ஒபாமா வீட்டோ செய்து திருப்பி அனுப்பினார். ஆனால் அந்த வழிக்கு ஒரு விலை இருந்தது. வரவு செலவைத்தான் அதில் தொடலாம். கம்பெனிகளுக்குப் போட்ட விதியை அதில் தொட இடமில்லை. அதாவது முக்காலியின் அபராதக் காலையும் மானியக் காலையும் வெட்டலாம், முதல் கால் மட்டும் நிற்கும். ஒற்றைக் காலில் முக்காலி எப்படி நிற்கும் என்ற கேள்விக்கு யாரும் பதில் எழுதி வைக்கவில்லை. வீட்டோ நிச்சயம் என்று தெரிந்த காலத்தில் அந்தப் பதில் தேவைப்படவும் இல்லை.

2017 ஜனவரியில் டிரம்ப் வந்தார். இரண்டு சபையும் அவர் கட்சியிடம். இனி வீட்டோ இல்லை. பதில் தேவைப்பட்ட நாள் வந்துவிட்டது.

மார்ச் 24 அன்று சபாநாயகர் பால் ரயன் வாக்கெடுப்புக்கு ஆள் போதாமல் மசோதாவைத் திரும்பப் பெற்றார். மே 4 அன்று அதைத் திருத்திக் கொண்டுவந்து 217க்கு 213 என்று தேற்றிவிட்டார்கள். வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் கொண்டாட்டம் நடந்தது. அந்த மாதமே காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் கணக்கைக் கொடுத்தது: இந்த மசோதா சட்டமானால் 2026க்குள் காப்பீடு இல்லாதவர்கள் 2 கோடியே 30 லட்சம் பேர் கூடுதலாவார்கள். செனட்டில் தயாரான இன்னொரு வடிவத்துக்கு 2 கோடியே 20 லட்சம். ஜூன் 22 அன்று, செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானலின் அலுவலக வாசலில் மாற்றுத்திறனாளிகள் வந்து அமர்ந்தார்கள். மெடிக்கெய்டு பணத்தில்தான் அவர்களில் பலர் வீட்டில் வாழ முடிகிறது. அது நின்றால் காப்பகம்தான் கதி. போலீசார் சிலரைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கிச் சென்றார்கள். 43 பேர் கைதானார்கள். இந்த ஆறரை ஆண்டுக் கதையில் நான் மறக்காத காட்சி அதுதான். 1989இல் காரை மறித்தவர்கள் சட்டத்தை எடுத்துவிடு என்றார்கள். 2017இல் வாசலை மறித்தவர்கள் எடுத்துவிடாதே என்றார்கள்.

ஜூலை 25. மூளையில் புற்றுநோய்க் கட்டி என்று அறிவிக்கப்பட்டு ஒரு வாரம்கூட ஆகாத குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன், இடது கண்ணுக்கு மேலே அறுவைத் தழும்போடு அரிசோனாவிலிருந்து வந்தார். விவாதத்தைத் தொடங்கலாமா என்ற வாக்கெடுப்பில் ஆதரவாக வாக்களித்தார். 50க்கு 50, துணை அதிபர் மைக் பென்ஸ் தன் வாக்கைப் போட்டுத் தொடங்கி வைத்தார். உடனே எழுந்து பேசிய மெக்கெய்ன், இரு கட்சியும் குழுவில் உட்கார்ந்து, விசாரணை நடத்தி, முறையாகச் சட்டம் எழுதுங்கள் என்று மன்றாடினார். அன்றிரவே பெரிய மாற்று மசோதா 43க்கு 57 என்று தோற்றது. மறுநாள், மாற்று எதுவும் இல்லாத வெறும் ரத்து 45க்கு 55 என்று தோற்றது.

கடைசியாக, ஒல்லி மசோதா என்று எல்லோரும் பெயர் வைத்த ஒன்று வந்தது. எட்டே பக்கம். ஜூலை 27 இரவு பத்து மணி வாக்கில்தான் அதன் வாசகம் வெளியானது. அபராதத்தை நீக்குவது அதன் சாரம். 1 கோடியே 60 லட்சம் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் நிற்பார்கள், பிரீமியம் சுமார் 20 சதவீதம் ஏறும் என்றது பட்ஜெட் அலுவலகம். அதை ஆதரிக்க இருந்த செனட்டர் லிண்ட்சே கிரகாமே, இது அப்படியே சட்டமாகிவிடக் கூடாது என்று பிரதிநிதிகள் சபை உறுதி கொடுத்தால்தான் வாக்களிப்பேன் என்றார். சட்டமாகக் கூடாது என்று விரும்பிக்கொண்டே ஒரு சட்டத்துக்கு வாக்கு! கோடிக்கணக்கானவர்களின் மருத்துவத்தை இப்படியா கையாள்வது?

நள்ளிரவு தாண்டியது. பென்ஸ் மெக்கெய்னின் அருகே நின்று வெகுநேரம் பேசினார். குடியரசுக் கட்சியின் இரண்டு பெண் உறுப்பினர்கள், மெய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸும் அலாஸ்காவின் லிசா மர்கோவ்ஸ்கியும், தொடக்கத்திலிருந்தே மறுப்பில் உறுதியாக இருந்தார்கள். ஒன்றரை மணி வாக்கில் மெக்கெய்ன் குமாஸ்தாவின் மேசைக்கு முன்னால் வந்தார். வியட்நாம் போரில் முறிந்த கைகள் அவருடையவை, தோளுக்கு மேல் உயராது. வலது கையை முன்னால் நீட்டினார். ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார். கட்டைவிரலைக் கீழே கவிழ்த்து, 'இல்லை' என்றார். கைகட்டி நின்ற மெக்கானலுக்கு நேரெதிரே அது நடந்தது. ஜனநாயகக் கட்சி வரிசையில் எழுந்த கைதட்டலை அவர்களுடைய தலைவர் சக் ஷூமர் கையசைத்து அடக்கினார். 49க்கு 51.

இப்படி ஒரு சட்டத்துக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தவர் செனட்டர் டெட் கென்னடி. அது நிறைவேறுவதைப் பார்க்காமல் 2009 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். அதை அந்த இரவில் காப்பாற்றிய மெக்கெய்ன் 2018 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். இருவரையும் கொண்டுபோனது ஒரே வகை மூளைப் புற்றுநோய்.

ஒல்லி மசோதா செய்ய நினைத்த முக்கிய வேலையை அதே ஆண்டு டிசம்பரில் வரிச் சட்டம் ஒன்று செய்து முடித்தது: 2019 முதல் அபராதம் பூஜ்யம் டாலர். ஒரு கால் போன பிறகும் முக்காலி சாயவில்லை, மானியம் தாங்கிக்கொண்டது. அபராதமே இல்லாதபோது சட்டம் எப்படிச் செல்லும் என்று டெக்சாஸ் தலைமையில் மாநிலங்கள் தொடுத்த வழக்கை 2021 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று தள்ளியது. அந்த ஆண்டே மானியம் கூட்டப்பட்டது. 2025ஆம் ஆண்டுக்கு இந்தச் சட்டம் அமைத்த காப்பீட்டுச் சந்தையில் காப்பீடு எடுத்தவர்கள் 2 கோடியே 40 லட்சத்துக்கு மேல்.

இப்போது 'ரத்து' என்ற சொல்லைத் தலைப்பில் வைப்பது அரிதாகிவிட்டது. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய பட்ஜெட் சட்டத்தின் பெயரிலும் அது இல்லை. ஆனால் மெடிக்கெய்டில் அது செய்த வெட்டுகளைப் பெரும் காரணமாக வைத்து, 2034க்குள் ஒரு கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இழப்பார்கள் என்று அதே பட்ஜெட் அலுவலகம் கணக்குச் சொன்னது. பெயர் எதுவானாலும் இழப்பவர்களுக்கு அது ரத்துதான். கூடுதல் மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்ற சண்டையில் அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு முடங்கிக் கிடந்தது. நீட்டிப்பு இல்லாமலே முடக்கம் முடிந்தது. 2025 டிசம்பர் 31 நள்ளிரவோடு அந்தக் கூடுதல் மானியம் காலாவதியானது.